பின்கதவு ரப்பரும் பாட்டியின் தலைவலியும்

"என்னங்க, இது காரா, இல்லை சின்ன வேனா?"

2018-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் மதுரையில் ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டு இவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி இதுதான். முன்பக்கம் பார்த்தால் எல்லோரும் வைத்திருக்கும் கார் மாதிரிதான் இருந்தது. பின்பக்கமோ கூரை அப்படியே கடைசி வரை நீண்டு, வீட்டு ஜன்னல் மாதிரி ஒரு பெரிய கதவோடு முடிந்தது. இந்த வகைக்கு எஸ்டேட் கார் என்று பெயராம். ஸ்டேஷன் வேகன் என்றும் சொல்வார்களாம்.

"நல்லா பாரும்மா. அம்மாவோட சக்கர நாற்காலியை மடக்காமலேகூட உள்ளே தள்ளிடலாம்" என்றார் இவர். அந்த ஒரு வார்த்தையில் நான் மயங்கிவிட்டேன்.

எங்கள் வீடு கொடைக்கானலில் மூஞ்சிக்கல் பக்கம். இவருக்கு விதை, உரக் கடையில் வேலை. அப்போது பெரியவள் இரண்டாம் வகுப்பு, சின்னவனுக்கு இரண்டரை வயசு. அத்தை (என் மாமியார்) குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. மாதம் ஒரு தரம் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். அந்த ஜனவரியில்தான் தமிழ்நாடு முழுவதும் பஸ் கட்டணம் ஏறியிருந்தது. கட்டணத்தையாவது எப்படியோ சமாளிக்கலாம். இடுப்பில் கம்பி வைத்த அறுபத்தெட்டு வயது அம்மாளை பஸ் படியில் ஏற்றி, 120 கிலோ மீட்டர் குலுங்கக் குலுங்கக் கூட்டிப்போவதைச் சமாளிக்க முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் டாக்ஸி வைத்தால் மாதச் சம்பளத்தில் நல்லதொரு பங்கு அதற்கே போனது.

அதனால்தான் பழைய கார் வாங்கலாம் என்ற பேச்சு வந்தது. "மலை ஊருக்கு ஜீப் மாதிரி வண்டிதானே சரி?" என்று கேட்டேன். டாக்ஸி ஓட்டும் பக்கத்து வீட்டுத் தம்பி சிரித்தார். "அக்கா, ஜீப்புல ஏற பாட்டிக்கு ஸ்டூல் போடணும். உயரமான வண்டி வளைவுல ஆடவும் செய்யும். எஸ்டேட்டுன்னா கார் மாதிரியே தாழ்வா இருக்கும், திரும்பி உக்காந்தாப் போதும். சாமானும் கூரை மேல ஏறாது" என்றார்.

அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. நம் நாட்டில் இந்த வகை வண்டிகள் வராமல் இல்லை. 1992-இல் டாட்டா எஸ்டேட் வந்தது. பிறகு மாருதியின் பலேனோ ஆல்டுரா, 2004-இல் டாட்டா இண்டிகோ மெரினா என்று வரிசையாக வந்தன. ஆனாலும் நம் ஜனங்களுக்கு என்னவோ இந்த உருவம் பிடிக்கவில்லை. "ஆம்புலன்ஸ் மாதிரி இருக்கு" என்று ஒதுக்கிவிட்டார்கள். வாங்க ஆள் குறைவு என்பதால் பழையதாக வரும்போது விலை இறங்கிக் கிடைக்கும். அதே காரணத்தால் பின்பக்கத்துக்கு மட்டுமே உள்ள சாமான்கள் (பின்கண்ணாடி, பின்கதவு ரப்பர் போன்றவை) தேடித் தேடி அலைய வேண்டியிருக்கும். இந்த இரண்டாவது சமாசாரம் எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

எங்கள் வண்டி எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. 2007-ஆம் வருஷத்து பெட்ரோல் வண்டி. ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் ரூபாய். ஒரு லட்சம் சீட்டுப் பணம். பாக்கிக்கு என் இரண்டு வளையல் அடகுக் கடைக்குப் போயின.

வாங்குகிற அன்று அந்தத் தம்பியையும் கூட்டிப் போயிருந்தோம். அவர் பார்த்த விதத்தை நான் ஒரு பாடம் மாதிரி கவனித்தேன். முதலில் பானட் மேல் கையை வைத்துப் பார்த்தார். சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து 'தயார்' பண்ணியிருக்கிறார்கள் என்று அர்த்தமாம். ஜில்லென்ற எஞ்சின் முதல் முறையிலேயே கிளம்புகிறதா என்பதுதான் பரீட்சை. ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் வெண்ணெய் மாதிரி நுரை படிந்திருக்கிறதா என்று பார்த்தார். படிந்திருந்தால் தண்ணீர் ஆயிலோடு கலக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டுமாம். டயரின் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றிருந்தால் 2016-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம் செய்தது. தேயாமல் பளபளவென்று இருந்தாலும் வயசான டயர் மலைக்கு ஆகாது. மேட்டில் நிறுத்தி ஹாண்ட் பிரேக்கை மட்டும் போட்டு, வண்டி நகர்கிறதா என்று பார்த்தார். எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தார்.

காகித சமாசாரத்தில் இவர் கெட்டி. முன் சொந்தக்காரர் கடன் வாங்கி வண்டி வாங்கியிருந்தால், கடன் தீர்ந்தது என்று ஆர்.சி.யிலேயே நீக்கியிருக்க வேண்டும். விற்றவர் கையெழுத்திட்ட 29, 30-ஆம் நம்பர் படிவங்கள், திண்டுக்கல் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு மாற்ற மதுரையிலிருந்து என்.ஓ.சி. எல்லாம் வாங்கினார். வண்டி கை மாறிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் நம் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிட வேண்டும். முன்னவர் விபத்தில்லாமல் ஓட்டியதற்குச் சேர்த்து வைத்திருக்கும் போனஸ் கழிவு அவரோடு போய்விடும், வாங்கியவருக்கு வராது. இதைத் தெரிந்துகொள்ளாமல் பேரம் பேசினால் கணக்கு உதைக்கும்.

இவ்வளவும் பார்த்தோம். பின்கதவை மட்டும் யாருமே பார்க்கவில்லை. நாற்காலி உள்ளே போகிறதா என்று பார்த்தேன். போயிற்று. திருப்தியாகக் கதவைச் சாத்திவிட்டேன்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் பெரியவள் சந்தனம், குங்குமம் வைத்தாள். அத்தை பூசணிக்காய் சுற்றச் சொன்னார். ஊரே திருவிழா மாதிரி இருந்த வருஷம் அது. ஜூலைக்கு மேல் மலையெல்லாம் குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அல்லவா! ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தையைக் கூட்டிப்போய்க் காட்டினோம். பக்கத்துப் பிரயாணம் எல்லாம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மதுரைப் பிரயாணம்தான் சரியில்லை.

முதல் தடவை பெருமாள்மலை தாண்டுவதற்குள் சின்னவன் வாந்தி எடுத்தான். கொண்டை ஊசி வளைவு, குழந்தை, சகஜம்தானே என்று விட்டுவிட்டேன். இரண்டாம் தடவையும் எடுத்தான். "கடைத் தின்பண்டம் தின்னாதேன்னு சொன்னா கேக்கிறியா?" என்று முதுகில் ஒன்று வைத்தேன். மூன்றாம் தடவை காலையில் ஒன்றுமே கொடுக்காமல் வெறும் வயிற்றோடு ஏற்றினேன். அதற்கும் எடுத்தான். எடுத்துவிட்டுத் துவண்டு தூங்கிவிட்டான். 'அப்பாடா, தூங்குகிறான்' என்று நான் நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதியை இப்போது நினைத்தால் உடம்பு நடுங்குகிறது.

அத்தை வேறு தலைவலி என்றார். "நாப்பது வருஷமா இந்த மலையில பஸ்ஸுல போயிட்டு வரேன். ஒரு நாளும் தலை சுத்தினதில்லை. வயசாயிடுச்சு போல" என்றார். நவம்பர் மாதம் "எனக்கு இப்ப நல்லாத்தான் இருக்கு, ஆஸ்பத்திரி எதுக்கு?" என்று வர மறுத்துவிட்டார். காரில் உட்கார பயம். அதை நம்மிடம் சொல்ல மனசில்லை. யாருக்காக வளையலை வைத்து வண்டி வாங்கினோமோ, அவரே வண்டியைக் கண்டால் ஒதுங்கினார்.

வீட்டில் எனக்கும் இவருக்கும் வார்த்தை தடித்தது. "உனக்கு எதிலயும் குறை" என்றார் இவர். "வித்துடுங்க, எனக்கு வளையல் வந்தாப் போதும்" என்றேன் நான்.

டிசம்பரில் கெஞ்சிக் கூத்தாடி அத்தையை அழைத்துப் போனோம். வழக்கம்போலத் தலைவலி. எலும்பு டாக்டரம்மாவிடம் சொன்னேன். மாத்திரை எழுதுவார் என்று பார்த்தால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டே கேள்வி கேட்டார். "வண்டியை விட்டு இறங்கினதும் சரியாயிடுதா? பின்னாடி உட்காருற எல்லாருக்கும் வருதா?"

எனக்குச் சுரீர் என்றது. ஆமாம்! டம்டம் பாறையில் அருவி பார்க்க இறங்கி நின்றால் கால் மணி நேரத்தில் தலைவலி போய்விடும். முன்சீட்டில் இருக்கும் இவருக்கும் எனக்கும் ஒன்றுமில்லை. பின்சீட்டில் பாட்டி, பேரன், பேத்தி மூவருக்கும்தான். அதோடு இன்னொன்று. காட்ரோடு இறங்கி வத்தலக்குண்டு தாண்டிய பிறகும், வளைவே இல்லாத நேர் ரோட்டிலும் சின்னவன் வாந்தி எடுத்திருக்கிறான். வளைவுதான் காரணம் என்றால் சமவெளியில் ஏன்?

"முதல்ல வண்டியை டாக்டர்கிட்ட காட்டுங்க. புகை உள்ளே வருதான்னு பாருங்க" என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்ததும் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தேன். காய்கறிப் பை மேல் போர்த்தியிருந்த பழைய வெள்ளை வேட்டியின் ஓரத்தில் மை தீட்டினாற்போல் ஒரு கறுப்புக் கோடு. கதவு மூடும் இடத்துக்கு நேராக இருந்தது. கதவைச் சுற்றியிருக்கும் ரப்பரைத் தொட்டுப் பார்த்தேன். குக்கர் காஸ்கெட் பழசானால் எப்படி மரக்கட்டை மாதிரி ஆகுமோ, அப்படி. நம் வீட்டில் குக்கர் 'புஸ்'ஸென்று ஓரத்தில் ஆவி விட்டால் உடனே காஸ்கெட் மாற்றுகிறோமே, இதை எப்படி விட்டோம்?

ஒரு செய்தித்தாள் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பார்த்தேன். நல்ல ஃபிரிட்ஜ் கதவு காகிதத்தைக் கவ்விப் பிடிக்கும். இங்கே கீழ்ப்பக்கம் முழுவதும் காகிதம் வழுக்கிக்கொண்டு வந்தது.

மறுநாள் மெக்கானிக் அண்ணன் அடியில் படுத்துப் பார்த்தார். சைலன்சர் குழாய் இணைப்பில் ஒரு விரிசல். அதன் மேல் பேஸ்ட் பூசி மறைத்திருந்தது, அதுவும் உதிர்ந்துவிட்டது. "ஏம்மா, உங்களுக்கு யாரு சொன்னது? நானே பின்கதவைப் பார்த்திருக்க மாட்டேன்" என்றார்.

அவர் விளக்கிய பிறகுதான் முழுசாகப் புரிந்தது. பெட்டி மாதிரி ஒரு வண்டி வேகமாக ஓடும்போது அதன் முதுகுப்பக்கம் காற்றழுத்தம் குறைகிறது. சைலன்சர் புகை அங்கேயே சுழன்று நிற்கிறது. முன் ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்தால் உள்ளே இருக்கும் காற்று வெளியே போகும். அந்த இடத்தை நிரப்பப் பின்னாலிருந்து புகை உள்ளே இழுக்கப்படும். சாதாரணக் காரில் டிக்கி தனி அறை. எஸ்டேட்டில் சாமானும் மனிதர்களும் ஒரே அறை. ஆகவே பின்கதவு ரப்பர் கெட்டால் பின்சீட்டுக்காரர்கள்தான் முதலில் புகையைச் சுவாசிப்பார்கள்.

பெட்ரோல் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு உண்டு. நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல், தூக்கம் என்று வரிசையாக வரும். அளவு மிஞ்சினால் அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்க முடியாது. குழந்தைகள் வேகமாக மூச்சு விடுவதால் அவர்களைச் சீக்கிரம் பிடிக்கும். போதாததற்கு எங்கள் ஊர் ஏழாயிரம் அடி உயரம். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவே சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

சின்னவன் துவண்டு தூங்கினானே, அது களைப்புத் தூக்கமா, வேறு தூக்கமா? எனக்கு இன்றுவரை தெரியாது. அன்றிரவு அவன் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டே அழுதேன். அடித்தது அந்த முதுகில்தானே!

இணைப்புக் குழாயை மாற்றியாயிற்று. பின்கதவு ரப்பர்தான் கிடைக்கவில்லை. திண்டுக்கல்லில் இல்லை, மதுரையில் இல்லை. கடைசியில் கோயம்புத்தூரில் பழைய உதிரி சாமான் கடை ஒன்றில் மீட்டர் கணக்கில் விற்கும் ரப்பர் பீடிங் வாங்கி வந்து பொருத்தினோம். மொத்தச் செலவு மூவாயிரத்து இருநூறு ரூபாய். காகிதத்தை வைத்து நானே சுற்றிலும் இழுத்துப் பார்த்தேன். எங்கும் வரவில்லை.

ஜனவரியில் மதுரைக்குக் கிளம்பினோம். அத்தை ஏறும்போது முந்தானையில் ஒரு எலுமிச்சம்பழத்தை முடிந்துகொண்டார். வெள்ளி அருவி, பெருமாள்மலை, ஊத்து, டம்டம் பாறை. நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். சின்னவன் லாரி எண்ணிக்கொண்டு வந்தான். வத்தலக்குண்டில் நிறுத்தியபோது அத்தை எலுமிச்சம்பழத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "இதை ஜூஸ் போட்டுக் குடிச்சிடலாம்மா. இனிமே வேண்டியிருக்காது" என்றார்.

அந்த வண்டி இன்றும் எங்களிடம்தான் இருக்கிறது. 2022-இல் பதினைந்து வயது நிரம்பி, எஃப்.சி. காட்டி ஐந்து வருஷத்துக்குப் பதிவைப் புதுப்பித்தோம். அந்த ஏப்ரலுக்கு முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 5,000 ஆகியிருந்தது. பசுமை வரி தனி. பழைய வண்டி வாங்கும் சகோதரிகள் விலையோடு இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். வண்டியின் வயசைக் கழித்தால் பதினைந்துக்கு இன்னும் எத்தனை வருஷம் பாக்கி என்பதே உண்மையான விலை.

மலை வண்டிக்கு என்று சில பழக்கங்களும் வந்துவிட்டன. ஏறும்போது எஞ்சின் கொஞ்சம் முக்கத்தான் செய்யும். ஆயிரம் அடிக்கு சுமார் மூன்று சதவீதம் சக்தி குறையும் என்கிறார்கள். மேலே வந்ததும் ஐந்தில் ஒரு பங்கு இல்லை. ஆகவே மெதுவாகப் போனால் குறையென்று நினைக்காதீர்கள். கொடைக்கானலில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால்தான் நாங்கள் பருப்புக்குக் குக்கர் இல்லாமல் அடுப்பு மூட்டுவதில்லை. ரேடியேட்டர் மூடியும் அந்தக் குக்கர் வெயிட் மாதிரிதான். சூட்டோடு திறக்கவே கூடாது. இறங்கும்போது இரண்டாவது கியரில் எஞ்சின் பிடிப்பிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்தபடியே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது உயிரோடு விளையாடுவது. பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுகிறோம். கைக்குழந்தை இருந்தால் இறங்கும்போது பால் கொடுங்கள், காது அடைப்பு தெரியாது. ஆனால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொடுப்பதே உத்தமம்.

பின்பக்கம் விசாலமாக இருக்கிறதே என்று குழந்தைகளை அங்கே பாய் விரித்து உட்கார வைக்காதீர்கள். 2019 செப்டம்பர் முதல் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெல்ட்டோ, குழந்தை இருக்கையோ கட்டாயம். அபராதம் ஆயிரம் ரூபாய். சட்டத்தை விடுங்கள், திடீரென்று பிரேக் போட்டால் ஒரு தேங்காயே கல்லாகப் பறக்கும் இடம் அது. பெரிய சாமான் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பின்கதவைத் திறந்தபடி ஓட்டவும் வேண்டாம். மூடுபனிக்கும் குளிருக்கும் பயந்து, நிற்கிற வண்டியில் எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்குவது, அறைக்குள் கரி அடுப்பு மூட்டிப் படுப்பது இரண்டும் ஒன்றுதான். மணமில்லாத அந்த விருந்தாளி எங்கும் வருவான்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒன்று சொல்கிறேன். ஒரே வண்டியில் போகும் இருவருக்கு ஒரே மாதிரி தலைவலி வந்து, இறங்கினால் போய்விட்டால், குழந்தையின் வயிற்றைச் சந்தேகப்படாதீர்கள். பாட்டியின் வயசையும் சந்தேகப்படாதீர்கள். ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு பின்கதவுக்குப் போங்கள்.

வளையலை மறு வருஷம் மீட்டுவிட்டோம். சின்னவன் இப்போது என் தோளுக்கு வந்துவிட்டான். ஊருக்குக் கிளம்பும் ஒவ்வொரு காலையும் காகிதத் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்ப்பது அவன் வேலை. "பிடிக்குதும்மா!" என்று கத்துவான். அந்தக் குரல் கேட்ட பிறகுதான் நான் வீட்டைப் பூட்டுவேன்.